பவுடர் தீர்ந்துபோச்சு, பாத்திரம் அப்படியே கிடக்கு!

அடுப்படிச் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே வடசென்னையிலிருந்து, எல்லாமே பாத்திரம் கழுவுவதைப் பற்றி. போர் தண்ணீரும் மீன் குழம்புச் சட்டியும் சேர்ந்த வீடுகளில் டிஷ்வாஷர் வந்த பிறகு எழும் சந்தேகங்கள் வேறு மாதிரி இருக்கின்றன. அதனால் வழக்கத்தைவிட விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்கி முடித்த பிறகுதான் பவுடர் டப்பா காலி என்று பார்த்தேன். தெருமுனை மளிகைக் கடையில் அது விற்பதில்லை. கையால் துலக்கும் லிக்விடைக் கொஞ்சமாக ஊற்றலாமா? வீட்டில் இருக்கும் வேறு எதையாவது போடலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: லிக்விட் வேண்டாம். ஒரு தேக்கரண்டிகூட வேண்டாம். ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றப் பொருள்களைப் பற்றி நீங்களே முடிவெடுத்துவிடலாம்.

சிங்க்கில் துலக்கும்போது அழுக்கை எடுப்பது உங்கள் கையும் நாரும்தான். லிக்விட் எண்ணெயை வழுக்கிவிட்டுத் தண்ணீரோடு போக வைக்கிறது, அவ்வளவே. மெஷினுக்குள் கை கிடையாது, நார் கிடையாது. அடியில் தேங்கும் மூன்று நான்கு லிட்டர் தண்ணீரையே மோட்டார் திரும்பத் திரும்ப உறிஞ்சி, சுழலும் குழாய்க் கைகளின் துளைகள் வழியாகப் பாத்திரத்தின் மேல் அடிக்கிறது. தேய்க்கிற வேலையை அந்த வேகமும் சூடும் பவுடரும் பங்குபோட்டுச் செய்கின்றன. பவுடரில் இருக்கும் சோடியம் கார்பனேட் என்ற காரம் எண்ணெய்ப் பிசுக்கை உடைக்கிறது. என்சைம்கள் காய்ந்த சோற்றுப் பசையையும் முட்டை, பருப்பு ஒட்டலையும் கரைக்கின்றன. ஆக்சிஜன் ப்ளீச் டீக்கறையை எடுக்கிறது. இவற்றோடு நுரைக்காத வகைச் சோப்புப் பொருள் மிகக் கொஞ்சம். நுரைக்காததுதான் இதில் முக்கியம். நுரை வந்தால் மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றை உறிஞ்சும், அடிக்கிற வேகம் செத்துவிடும், பாத்திரமும் வெளுக்காது. நுரை கதவு வழியாகத் தரைக்கும் வந்துவிடும்.

இப்போது உங்கள் பாத்திரங்களுக்கு வருவோம். எங்கள் முதல் யோசனை, இன்று ராத்திரி கழுவாமலே விடுவது. உங்கள் மெஷினில் 'பிரீ-ரின்ஸ்' என்றோ 'ரின்ஸ் அண்ட் ஹோல்ட்' என்றோ ஒரு புரோகிராம் இருக்கிறதா பாருங்கள். பவுடரே தேவைப்படாத, பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிற வெறும் பச்சைத்தண்ணீர் அலசல் அது. ஓட்டிவிட்டுக் கதவை மூடி வையுங்கள். ஒட்டியிருப்பது காயாது, நாற்றமும் வராது. காலையில் பவுடர் வாங்கி வந்து முறையாக ஓட்டினால், ராத்திரியே ஓட்டியதைப் போலத்தான் பளிச்சென்று வரும். மெஷினுக்கும் உங்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

இன்றைக்கே கழுவியாக வேண்டும் என்றால் வாஷிங் சோடா. சலவை சோடா என்று கேட்டாலும் மளிகைக் கடையில் கொடுப்பார்கள். பவுடரில் பெரும்பங்கு வேலை செய்வது இதே சோடியம் கார்பனேட்தான், நுரையும் வராது. மாவு போல் இருக்கும் சோடா என்றால் ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், பவுடர் போடும் அதே குழியில் போட்டு மூடுங்கள். சோடா கண்ணாடித் துண்டுகள் போலப் படிகமாக இருந்தால் அதன் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீர் என்று அர்த்தம். அப்போது பொடித்து இரண்டரை மேசைக்கரண்டி எடுக்க வேண்டும். இரண்டு வகைக்கும் ஒரே அளவைப் போட்டுவிட்டு "சோடா வேலையே செய்யவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. 65 அல்லது 70 டிகிரி புரோகிராமில் ஓட்டுங்கள். எகோ புரோகிராமின் குறைந்த சூட்டை என்சைம் ஈடுகட்டும். சோடாவில் என்சைம் இல்லை, ஆகவே சூடு வேண்டும். கடைசி அலசலில் தண்ணீர் திட்டுத் திட்டாக நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ரின்ஸ் எய்டு வழக்கம்போல அதன் தொட்டியில் இருக்கட்டும்.

போடுவதற்கு முன் மூன்று வேலைகள் உண்டு. முதலில், அலுமினியப் பாத்திரம், பித்தளை, ஈயச் சொம்பு, நான்-ஸ்டிக், மரக்கரண்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். அடுத்து, காய்ந்த சோறு, முட்டை, தோசைமாவு ஒட்டியவற்றைப் பச்சைத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறப்போட்டு விரலால் தள்ளிவிடுங்கள். சோடா எண்ணெயைத்தான் எடுக்கும், காய்ந்த மாவைக் கரைக்காது. கடைசியாக, நெய்யும் வறுவல் எண்ணெயும் நிறைய இருந்தால் பழைய காகிதத்தால் துடைத்துவிடுங்கள். ஓட்டி முடித்ததும் அடியில் இருக்கும் வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டும். பவுடர் இருக்கும் நாளைவிட இன்றைக்கு அதில் பிசுக்கு கூடுதலாகச் சேர்ந்திருக்கும்.

வீட்டில் ஆப்ப சோடாதான் இருக்கிறது என்றால் மூன்று மேசைக்கரண்டி போடலாம். ஆனால் அது மிக மென்மையான காரம். டம்ளர், டபரா, டிபன் தட்டு வரைக்கும் தாங்கும், பிரியாணி அண்டாவுக்கு ஆகாது. ஓவன் இருப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறோம். ஆப்ப சோடாவை ஸ்டீல் தட்டில் பரப்பி 200 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் அது வாஷிங் சோடாவாகவே மாறிவிடும். 100 கிராம் வைத்தால் சுமார் 63 கிராம் கிடைக்கும். அலுமினியத் தட்டு மட்டும் கூடாது.

வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ சோடாவோடு சேர்த்துப் போடாதீர்கள். பொங்குகிறதே, வேலை செய்கிறது என்று தோன்றும். உண்மையில் காரத்தைப் புளிப்பு கொன்றுவிடுகிறது, மிஞ்சுவது உப்புத்தண்ணீர். காஸ்டிக் சோடா என்பது வேறு பொருள், தோலையும் கண்ணையும் பொசுக்கும். கடையில் பெயரைச் சரியாகச் சொல்லி வாங்குங்கள். துலக்குகிற தூளில் கல்பொடி இருப்பதால் அது குழாயில் போய் அடைக்கும். குளோரின் ப்ளீச் ஸ்டீலில் ஊசிமுனைப் பள்ளங்களை விழவைக்கும். இரண்டும் மெஷின் பக்கமே போகக் கூடாது. ப்ளீச்சோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேர்ந்தால் நச்சுவாயு வரும். இது மெஷினில் மட்டும் இல்லை, சிங்க்கிலும் கூடாது.

கேள்வி: டிஷ்வாஷரில் இரண்டு ஸ்பூன் பாத்திர ஜெல் போட்டுவிட்டேன். பத்து நிமிடத்தில் கதவு ஓரமாக நுரை வழிந்து, மெஷின் நின்று, ஏதோ எழுத்தும் எண்ணும் காட்டுகிறது. உள்ளே மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கிறது.
- வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் வரிசை தப்பாமல் செய்யுங்கள்.

தரை நனைந்திருந்தால் ஈரத்தில் நின்றுகொண்டு பிளக்கைத் தொடாதீர்கள். வீட்டு மெயின் பெட்டியில் அந்த லைனுக்கான சுவிட்சை இறக்கிவிட்டுப் பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். தண்ணீர்க் குழாயையும் மூடிவிடுங்கள். கதவை மெல்லத் திறந்து பாத்திரங்களை எல்லாம் வெளியே எடுத்து, பத்து நிமிடம் அப்படியே விட்டால் நுரை பாதி அமுங்கும். மீதியைப் பழைய துண்டால் அள்ளி எடுங்கள். பவுடர் குழிக்குள் ஜெல் ஒட்டியிருக்கும், அதை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அடுத்த முறையும் நுரை வரும்.

பிறகு அடித்தட்டில் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயும் அரை டம்ளர் வினிகரும் ஊற்றி, மேலே இரண்டு லிட்டர் பச்சைத்தண்ணீர் விடுங்கள். எண்ணெய் நுரைக் குமிழை உடைக்கும். வெந்நீர் மட்டும் கூடாது, சூட்டில் ஜெல் இன்னும் பொங்கும். தரையைத் துடைத்துக் காயவிட்டு, மின்சாரம் கொடுத்து, 'கேன்சல்' அல்லது 'ரீசெட்' பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் தண்ணீர் வெளியேறும். எண்ணெயும் வினிகரும் முதல் முறைக்கு மட்டும்தான். அடுத்தடுத்து வெறும் தண்ணீர் ஊற்றி வெளியேற்றுங்கள், மூன்று நான்கு முறை ஆகலாம். நுரை அடியோடு போன பிறகு, பிரீ-ரின்ஸை வெறும் மெஷினில் ஒரு முறை ஓட்டிவிட்டுப் பாத்திரம் அடுக்குங்கள்.

மோட்டார் நிற்காமல் ஓடுவதற்கு வேறு காரணம் இருக்கிறது. மெஷினின் அடியில் ஒரு தட்டு உண்டு. அதில் தண்ணீர் தேங்கினால் ஒரு மிதவை மேலெழுந்து, "கசிவு" என்று மெஷினுக்குச் சொல்லும். உடனே தண்ணீர் உள்ளே வருவது அடைபட்டு, வெளியேற்றும் மோட்டார் மட்டும் ஓடும். உங்கள் நுரை அந்தத் தட்டில் இறங்கியிருக்கிறது. தனியாக நிற்கும் மெஷின் என்றால், பிளக்கைக் கழற்றிய நிலையில், இரண்டு பேராகப் பிடித்து மெல்லப் பின்பக்கம் சாய்த்தால் தேங்கியது வெளியே வந்துவிடும். நேராக நிறுத்தி, அடிப்பக்கமாக ஃபேன் வைத்து ஒரு ராத்திரி காயவிடுங்கள். மிதவை கீழே இறங்கியதும் அந்த எழுத்தும் எண்ணும் மறையும். அலமாரிக்குள் பொருத்திய மெஷினைச் சாய்க்க முயலாதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் ஜெல் போட்டதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் கசிவைத் தேடிக் கதவு ரப்பரை மாற்றச் சொல்லுவார், உங்களுக்கு வீண் செலவு.

கேள்வி: துணி துவைக்கும் மெஷின் பவுடர் நுரைக்காதாமே, அதைப் போடலாமா?
- வாசகி, கொடுங்கையூர்

பதில்: குறைவாக நுரைக்கும், ஆனால் நுரைக்கும். அதோடு துணி வெள்ளையாகத் தெரிவதற்கான சாயமும் வாசனையும் அதில் கலந்திருக்கும். அவை தட்டில் தங்கி அடுத்த வேளைச் சோற்றோடு வயிற்றுக்குள் போகும். போடாதீர்கள்.

கேள்வி: பவுடர் விலை கட்டுப்படியாகவில்லை என்று இரண்டு வாரமாக வாஷிங் சோடாவையே டிஷ்வாஷரில் போடுகிறேன். எண்ணெய் போகிறது, ஆனால் கண்ணாடி டம்ளர்கள் சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்துவிட்டன. எங்களுக்கு மெட்ரோ தண்ணீர் கொஞ்சம், மீதி போர் தண்ணீர், சில நாள் லாரி. டி.டி.எஸ் மீட்டரில் 900 காட்டுகிறது.
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: "சுண்ணாம்பு பூசியது போல்" என்று எழுதியிருக்கிறீர்கள், அது அநேகமாகச் சுண்ணாம்பு வகையே. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் வாஷிங் சோடாவும் சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் உருவாகிறது. சுண்ணாம்புக்கல்லில் பெரும்பங்கு இருப்பது அதுதான். கடைப் பவுடரில் கால்சியத்தைப் படியவிடாமல் பிடித்து வைக்கிற சிட்ரேட், பாலிமர் வகையறாக்கள் இருக்கும். வாஷிங் சோடாவில் அவை இல்லை. ஆகவேதான் அதை ஒன்றிரண்டு நாள் அவசரத்துக்கு மட்டும் சொல்கிறோம். மாதக்கணக்கில் போட்டால் டம்ளரோடு ஹீட்டரும் தெளிப்புத் துளைகளும் சுண்ணம் கட்டிவிடும். மிச்சப்படுத்திய பவுடர் காசு ரிப்பேருக்குப் போய்விடும்.

வெளுப்பு எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஈர விரலால் தடவினாலே போனால் அது தண்ணீரின் உப்பு அல்லது கரையாத சோடா. அதற்குப் போகாமல், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடத்தில் அந்த இடம் மட்டும் தெளிந்தால் சுண்ணம். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டுவிட்டது, அது திரும்ப வராது. உங்களுடையது சுண்ணமாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: டம்ளர்களை மெஷினில் அடுக்கி, பவுடர் எதுவும் போடாமல், பவுடர் குழியில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் பொடியை வைத்து மூடி, சூடான புரோகிராமில் ஓட்டுங்கள். அடித்தட்டில் தூவினால் முதல் அலசலோடேயே வெளியேறிவிடும், குழியில் வைப்பதுதான் முறை. அலுமினியம், பித்தளை உள்ளே இருக்கக் கூடாது. மெஷினுக்கும் இது நல்லது, உங்கள் தண்ணீருக்கு மாதம் ஒரு முறை செய்யலாம்.

டி.டி.எஸ் மீட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். மெஷினுக்கு வேண்டிய கணக்கு கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். கடலோரப் பகுதியில் 900-இல் பெரும்பங்கு வெறும் சோடியம் உப்பாகவும் இருக்கலாம். மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல் நீர் உள்ளே ஏறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. கடற்கரையை ஒட்டிய மற்ற இடங்களின் போர்களிலும் கரிப்பு இருக்கிறது. மெஷினுக்குள் இருக்கும் மென்னீராக்கி கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்குமே தவிர, கரிப்பை எடுக்காது. ஸ்டீல் தட்டில் பழுப்புப் புள்ளி விழுவது அந்தக் கரிப்பினால்தான். ஓட்டி முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து ஈரம் காயவிட்டால் புள்ளி குறையும்.

கடினத்தன்மையை அளக்க எளிய வழி, மீன்தொட்டிக்காரர்கள் பயன்படுத்தும் ஜி.எச் டெஸ்ட் கிட். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். குழாய்த் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் மாறும்போது எத்தனையாவது சொட்டோ, பெரும்பாலான கிட்களில் அத்தனை டிகிரி. ஒரு டிகிரி என்பது லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம். நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் 200 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. 600 என்றால் 33 டிகிரி, மெஷினுக்கு அது மிகக் கடினம். கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து மென்னீராக்கிக்கு அதற்கேற்ற எண்ணை வைத்துவிடுங்கள். மூன்று விதத் தண்ணீர் வரும் உங்கள் வீட்டில், மூன்றையும் தனித்தனியே அளந்து, அதிகமானதற்கே வைக்க வேண்டும். மென்னீராக்கிக்குப் போடும் டிஷ்வாஷர் உப்பு சற்றுக் கூடுதலாகச் செலவாகும், வெளுப்பு வராது. முடிந்தால் மெஷினுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் வரும்படி தனிக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். புழல் ஏரித் தண்ணீரோ, மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் இயங்கும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரோ, எது வந்தாலும் கடலோரத்துப் போர் தண்ணீரைவிட மெஷினுக்கு எவ்வளவோ மேல்.

கேள்வி: டிஷ்வாஷர் உப்பும் தீர்ந்துவிட்டது. கல் உப்பு போடலாமா? உப்பில்லாமல் ஓட்டினால் கெட்டுவிடுமா?
- வாசகர், மாதவரம்

பதில்: இரண்டு மூன்று நாள் உப்பில்லாமல் ஓட்டினால் ஒன்றும் ஆகாது, டம்ளரில் கொஞ்சம் வெளுப்பு தெரியும். கல் உப்பைப் போட்டால்தான் கெடுதல். உப்பளத்திலிருந்து வரும் கல் உப்பில் மக்னீசியம், கால்சியம், மண் மூன்றும் உண்டு. எந்தக் கால்சியத்தை எடுக்க மென்னீராக்கி இருக்கிறதோ அதையே அதற்குள் கொட்டுவதாகிவிடும். பாக்கெட் தூள் உப்பிலும் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் இருக்கிறது, நைசாக இருப்பதால் இறுகியும் போகும்.

உப்பு நிரப்பியவுடனே ஒரு புரோகிராம் ஓட்டிவிடுங்கள். வாயில் வழிந்த உப்புத்தண்ணீர் ராத்திரி முழுக்க ஸ்டீல் தொட்டியில் நின்றால் துரு விழும். உப்பு வாயில் தவறிக்கூடப் பவுடர் போய்விடக் கூடாது, மென்னீராக்கி அதோடு பாழாகும்.

கேள்வி: வாஷிங் சோடா போட்டுக் கழுவியதில் அலுமினியக் கடாயும் குக்கரும் கருத்துவிட்டன. மறுபடி வெளுக்குமா? சமைத்தால் ஆபத்தா?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: சாதாரண அலுமினியக் கடாய் வெளுக்கும். காரம் அலுமினியத்தின் மேல்பூச்சைக் கரைத்ததால் வந்த கருப்பு அது. கடாய் நிறையத் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி சிட்ரிக் ஆசிட் அல்லது எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு நாரால் தேயுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பிறகு நன்றாகக் கழுவிவிட்டுச் சமைக்கலாம். புளிக்குழம்பு மட்டும் எப்போதுமே அலுமினியத்தில் வேண்டாம்.

குக்கர் சாம்பல் கருப்பு நிறத்து ஹார்ட் அனோடைஸ்டு வகையாக இருந்து, இப்போது தொட்டால் கையில் பொடி ஒட்டுகிறது என்றால் அதன் கடினப்பூச்சு போய்விட்டது. வீட்டில் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. இந்தக் கெடுதல் வாஷிங் சோடாவால் மட்டும் வருவதில்லை, கடைப் பவுடரும் காரம்தான். அலுமினியம் எந்த நாளும் மெஷினுக்குள் போக வேண்டாம்.

கேள்வி: எங்கள் வீட்டில் டிஷ்வாஷர் இல்லை. சோப்பு தீர்ந்த அன்று வஞ்சிரக் குழம்பும் நெத்திலி வறுவலும் வைத்த பாத்திரங்கள் கிடந்தன. வெந்நீர் ஊற்றித் தேய்த்தும் கவிச்சி போகவில்லை. தண்ணீரும் இரண்டு குடம்தான் இருந்தது.
- வாசகி, காசிமேடு

பதில்: முதலில் வெந்நீர் ஊற்றியதுதான் தப்பு. மீன், முட்டை, பால் மூன்றிலும் புரதம் இருக்கிறது. வெந்நீர் பட்டதும் அது வெந்து பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். பச்சைத்தண்ணீரில் முதல் அலசல், பிறகு எண்ணெய்க்கு வெந்நீர், இதுதான் வரிசை. கவிச்சி என்பது அமீன் எனும் காரத்தன்மையுள்ள ஆவி. புளிப்புப் பட்டால் அது உப்பாகி, ஆவியாகாமல் தண்ணீரோடு போய்விடும். குழம்புக்குக் கரைத்த புளிச் சக்கையை வீசாமல் வைத்திருந்தால் அதுவே போதும். சட்டியில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். பிழிந்த எலுமிச்சைத் தோலும் அதே வேலை செய்யும். ஸ்டீல் பாத்திரத்துக்கு இது நிச்சயம் பலிக்கும். அப்படியும் நாற்றம் இருந்தால் சட்டியை மோந்து பார்ப்பதற்கு முன் நாரை மோந்து பாருங்கள், பல வீடுகளில் நாற்றம் தங்குவது நாரில்தான்.

வறுவல் எண்ணெய்க்குத் தண்ணீர் படுவதற்கு முன்பே கடலை மாவு. ஒரு தோசைக்கல்லுக்கு இரண்டு தேக்கரண்டி தூவி, காய்ந்த துணியாலோ காகிதத்தாலோ சுற்றித் தேய்த்தால் மாவு எண்ணெயை உறிஞ்சித் திரள் திரளாக வந்துவிடும். அதைக் குப்பையில் போட வேண்டும், சிங்க்கில் தள்ளினால் குழாய் அடைக்கும். பிறகு கொஞ்சம் வெந்நீர் போதும். இரும்புக்கல்லுக்கு இது சோப்பைவிட நல்லது, கல்லின் எண்ணெய்ப் பதம் போகாது.

பாத்திரம் நிறைய இருந்து, நாட்டு மருந்துக் கடை பக்கத்தில் இருந்தால் பூந்திக்கொட்டை வாங்குங்கள். கொட்டையை நீக்கிய பத்துத் தோல், ஒரு லிட்டர் தண்ணீர், பதினைந்து நிமிடக் கொதி, வடிகட்டினால் நுரைக்கும் நீர் கிடைக்கும். ஸ்டீலுக்கும் பீங்கானுக்கும் நல்ல துலக்கு. மூன்று நாளுக்கு மேல் புளித்துவிடும். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

இரண்டு குடத்தில் கொஞ்சம் மீதி வைத்துக்கொண்டு, மற்றதை மூன்று அன்னக்கூடையில் பிரித்து ஊற்றுங்கள். முதலாவதில் துலக்கும் நீர், மற்ற இரண்டில் அலசல். டம்ளர், டபரா முதலில், பிறகு சாப்பாட்டுத் தட்டு, பிறகு சமைத்த பாத்திரம், மீன் சட்டி கடைசி. முதல் கூடை கலங்கியதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதை முதலாவதாக்கி, காலியானதில் மீதித் தண்ணீரை நிரப்புங்கள். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதில் பாதித் தண்ணீர்கூட இதற்கு ஆகாது. அரிசி களைந்த தண்ணீர் இருந்தால் முதல் ஊறலுக்கு அதையே ஊற்றலாம்.

மண்சட்டிக்குச் சோப்பு இருக்கிற நாளிலும் சோப்பு வேண்டாம், மண் அதை உறிஞ்சிக்கொண்டு அடுத்த குழம்பில் விடும். கடலை மாவு, தேங்காய் நார், வெந்நீர், அதன்பின் மொட்டைமாடி வெயில். உள்ஈரம் காயாமல் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: பாட்டி காலத்துச் சாம்பல் இன்றைக்கும் சரிப்படுமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: விறகு, தேங்காய் மட்டை, வறட்டி எரித்த சாம்பலைச் சலித்து எடுத்தால் சரிப்படும். அதில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது, வாஷிங் சோடாவின் பங்காளி. ஈரத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தால் ஸ்டீல், இரும்பு, வெண்கலத்தின் பிசுக்கு போகும். அலுமினியத்தைக் கருக்கும், நான்-ஸ்டிக்கைக் கீறும். நிலக்கரிச் சாம்பலும் குப்பை எரித்த சாம்பலும் பாத்திரத்தின் அருகிலேயே வரக் கூடாது, அவற்றில் காரீயம் போன்ற நஞ்சுகள் இருக்கலாம். பித்தளைக்குச் சாம்பல் மட்டும் போதாது, புளியும் கொஞ்சம் உப்பும் வேண்டும். களிம்பைக் கரைப்பது அந்தப் புளிப்புதான்.

கேள்வி: ஒரே ஒரு டிஷ்வாஷர் மாத்திரை மிச்சம். பாதியாக வெட்டி இரண்டு நாள் ஓட்டலாமா? பவுடரும் வாங்கினால் ஒரே மாதத்தில் கல்லாகிவிடுகிறது.
- வாசகி, எண்ணூர்

பதில்: உறையைப் பிரித்துப் போடுகிற அழுத்திச் செய்த மாத்திரை என்றால் கத்தியால் வெட்டலாம், பாதி நிரம்பிய மெஷினுக்கு அரை மாத்திரை போதும். இரண்டு மூன்று நிறத்தில் இருந்தால் எல்லா நிறமும் இரண்டு பாதியிலும் வரும்படி வெட்டுங்கள், ஒவ்வொரு நிறத்திலும் ஒவ்வொரு மருந்து. தண்ணீரில் கரையும் மெல்லிய உறையோடு அப்படியே போடுவதை வெட்டக் கூடாது. ஈரக்கையாலும் தொடக் கூடாது.

பவுடர் கல்லாவது கடற்காற்றின் ஈரத்தால். கட்டியானதை உடைத்துப் போட்டாலும் காரம் மிஞ்சும், என்சைமும் ப்ளீச்சும் வீரியம் இழந்திருக்கும். ஆகவே டீக்கறை நிற்கும். அரைக் கிலோ பாக்கெட்டாக வாங்கி, இறுக்கமான மூடி போட்ட டப்பாவில், காய்ந்த ஸ்பூனோடு, சிங்க்கின் அடியில் இல்லாமல் மேல் அலமாரியில் வையுங்கள். நிரம்பிய மெஷினுக்கு 20 முதல் 25 கிராம், பாதிக்கு 15 கிராம். வாங்கிய அன்றே 100 கிராமைத் தனி பாட்டிலில் அடைத்து ஒதுக்கி வைத்துவிட்டால், பெரிய டப்பா காலியானதும் நான்கு நாளைக்குத் தாங்கும். அதற்குள் கடைக்குப் போய் வந்துவிடலாம்.